விட்டுப்போன பதினெட்டு எண்கள்

கிரூன்பாக், மானிடோபா
26 ஆகஸ்ட் 1997

டீட்ரிக்,

எட்டு வருடத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். நலம் விசாரிக்க இல்லை. நீ செய்து அனுப்பிய அட்டவணையோடு மல்லுக்கட்டி மாளவில்லை, அதற்காகத்தான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

மூப்பர் தீசன் இந்த வேலையை உன்னிடம் கேட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். நம் ஊரில் பிறந்தவர்களில் டேட்டாபேஸ் செய்து பிழைக்கிறவன் நீ ஒருவன்தான் என்று அவர் யோசித்திருக்கிறார். சபை அலுவலகத்துக்குச் செவ்வாயும் வியாழனும் போகிறவள் நான் என்பதால் தட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது.

ஏப்ரலில் ஆறு ஊருக்குள் வந்ததை டிவியில் பார்த்திருப்பாய். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மரச் சிலுவைகூட மிஞ்சவில்லை. அடக்கப் பதிவேடும் நனைந்துவிட்டது. தாள் தாளாகப் பிரித்து, சபையின் கீழ்த்தளத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டு, மின்விசிறி போட்டுக் காயவைத்தேன். இனி சிலுவை வேண்டாம், அங்கே படுத்திருக்கிற எல்லார் பெயரையும் ஒரே கருங்கல்லில் வெட்டிவிடலாம் என்று சபைக் கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. உன் அட்டவணையிலிருந்து அச்செடுக்கும் பட்டியல் அக்டோபர் 31க்குள் கல் வெட்டுகிறவர் கைக்குப் போக வேண்டும். அதில் இல்லாத பெயர் கல்லிலும் இருக்காது.

இப்போது என் புகார்களைக் கேள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எதற்கு ஓர் எண்? நம் ஜனங்கள் என்ன காதில் வில்லை மாட்டிய மாடுகளா? அடுத்தது, நான் 12 என்று வருடம் தட்டினால் அது 2012 என்று எடுத்துக்கொள்கிறது. சூசன்னா ரெம்பல் பெரியம்மா செத்துப் பத்து வருடம் ஆகிறது, உன் கணக்குப்படி அவர் இன்னும் பிறக்கவே இல்லை.

இதெல்லாம் பரவாயில்லை. ஞானஸ்நானத் தேதி என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறாயே, அதைக் காலியாக விட்டால் அந்த வரியையே சேமிக்க மாட்டேன் என்கிறது. ஊரை விட்டுப் போய் இத்தனை வருடமாகிறது, மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்: நம் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, தானாகக் கேட்டு வாங்குவது அது. நம் கல்லறைத் தோட்டத்தில் முப்பத்தொரு குழந்தைகள் இருக்கிறார்கள். ஒருவரையும் உன் அட்டவணை உள்ளே விடவில்லை.

அதில் ஒருத்தியை உனக்குத் தெரியும்.

யுஸ்தீனா


கால்கரி
2 செப்டம்பர் 1997

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கேட்டவற்றுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

எண் இல்லாமல் அட்டவணை கிடையாது. நம் ஊரில் எத்தனை யாக்கோபு டூக் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு 'ஆலைக்கார யாக்கோபு', 'முட்டை யாக்கோபு' என்றால் ஆள் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் புதிதாக வரும் ஒவ்வொரு வரிக்கும் அதுவே ஓர் எண் கொடுக்கும். ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்காது. அந்த வரி போய்விட்டாலும் அந்த எண்ணின் இடம் காலியாகவே இருக்கும். இது மாட்டு வில்லை இல்லை, ஆளுக்கு ஆள் குழம்பாமல் இருக்கத்தான்.

வருடத்தை நான்கு இலக்கமாகத் தட்டுங்கள். 1912 என்று தட்டினால் 1912 என்றே எடுத்துக்கொள்ளும். சோம்பலுக்கு நான் பொறுப்பில்லை.

ஞானஸ்நானத் தேதி விஷயம். கமிட்டி எனக்கு என்ன எழுதி அனுப்பியதோ அதை வைத்துத்தான் அட்டவணையை வடிவமைத்தேன். சபையின் விதி சபையுடையது. என்னைக் கேட்டால் எப்படி? அவசரமென்றால் எளிய வழி ஒன்று இருக்கிறது. குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே தேதியாக 1/1/1900 என்று தட்டிவிடுங்கள். கட்டம் நிறைந்துவிடும், வரி சேமிக்கப்படும். அச்செடுக்கும்போது அந்தப் பத்தியை மறைத்துக்கொள்ளலாம். எண்ணெய்க் கிணற்று உதிரிபாகக் கம்பெனிகளுக்கு நான் செய்து கொடுக்கும் டேட்டாபேஸ்களில் பாதிப் பேர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். அட்டவணையின் டிசைன் பக்கத்துக்குள் தயவுசெய்து போக வேண்டாம். அங்கே ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடும்.

இப்படிக்கு,
டீட்ரிக் டூக்


கிரூன்பாக்
9 செப்டம்பர் 1997

டீட்ரிக்,

நீங்களாம், தயவுசெய்துவாம். நான் என்ன உன் உதிரிபாகக் கம்பெனியா? உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். கீழே உன் முழுப்பெயரை வேறு எழுதியிருக்கிறாய், எந்த டீட்ரிக் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும் பார்.

உன் 'எளிய வழி'யைப் படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். உன் அத்தான்தான் கையைப் பிடித்தார். அவரும் படித்துப் பார்த்தார். "ஊரை விட்டுப் போனவன் ஊர் மேல உள்ள கோவத்த மட்டும் மறக்கலை போலிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

நம் முன்னோரை எதற்காக ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள், சொல். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம் என்றதற்குத்தானே. அதற்காகத்தானே நாடு நாடாக மூட்டை தூக்கினார்கள். நீ கோயிலுக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் அந்த ஜனங்களின் பதிவேட்டில், ஏழு வயதில் போன என் பிள்ளைக்கு நான் என் கையால் ஞானஸ்நானத் தேதி தட்ட வேண்டுமா? அதுவும் அவள் பிறப்பதற்கு எண்பத்தொரு வருடம் முன்னால். கம்பெனிக்காரர்கள் திருகாணிக்குப் பொய்த் தேதி போடட்டும். லெனா திருகாணி இல்லை.

அதனால் நானே டிசைன் பக்கத்துக்குள் போனேன். ஆமாம், போனேன். மேலே கட்டங்களின் பெயர்கள், பக்கத்தில் எழுத்தா எண்ணா தேதியா என்று, கீழே ஒரு பெரிய படிவம். எங்கே அந்தப் பூட்டு என்று தேடினேன். கிடைக்கவில்லை. வந்ததுதான் வந்தோம், அச்சில் பெயர்ப் பத்தி அகலமாகி மற்றது அடுத்த தாளுக்கு ஓடுகிறதே, அதையாவது சரிசெய்வோம் என்று பார்த்தேன். பெயருக்கு 'அளவு 50' என்று இருந்தது. பத்தாகக் குறைத்தேன். 'சில தகவல்கள் இழக்கப்படலாம், தொடரலாமா?' என்று கேட்டது. சில தானே என்று 'ஆம்' போட்டேன்.

இப்போது எல்லாப் பெயரும் பத்து எழுத்தோடு அறுந்து நிற்கிறது. நம் தோட்டத்தில் ஒன்பது பெர்ன்ஹார்டுகள். எந்த பெர்ன்ஹார்ட் எந்த வீட்டுக்காரர் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். இரண்டு மாத வேலை, டீட்ரிக். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். சபையைப் பெருக்க வந்த நெட்டி ஃப்ரோஸ் அதைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட்டாள்.

ஃபிளாப்பியை இத்துடன் அனுப்புகிறேன். பெயர்களைத் திருப்பிக் கொடு. அந்தக் கட்டத்தின் பூட்டையும் எடுத்துவிடு. இதற்கு மேல் உன்னிடம் கெஞ்ச எனக்கு வாய் வராது.

யுஸ்தீனா


கால்கரி
17 செப்டம்பர் 1997

அக்கா,

சரி, நீ.

அந்த அளவு தாளில் வரும் அகலம் இல்லை. ஒரு கட்டத்துக்குள் எத்தனை எழுத்து பிடிக்கும் என்பது அது. குறைத்தால் மிச்சத்தை வெட்டி எறிந்துவிடும், திரும்ப வராது. போகாதே என்று சொன்னேன், போனாய். ஜூலைக் கடைசியில் நீ தீசனிடம் கொடுத்து, அவர் எனக்கு அனுப்பிய பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. அதை வைத்து 170 பெயர்களை மீட்டுவிட்டேன். மிச்சம் 141 பெயர்களை நீதான் மறுபடி தட்ட வேண்டும். பெயர் மட்டும் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. புதிய ஃபிளாப்பி இத்துடன் வருகிறது. இனிமேலாவது வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வை.

இதைச் செய்யும்போது ஒன்று கண்ணில் பட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் அட்டவணையில் 311 வரிகள் இருக்கின்றன. கடைசி எண்ணோ 329. நடுவில் பதினெட்டு எண்கள் இல்லை. எங்கே போயின? வரி எழுதிய தேதி தானாக விழும்படி நான் ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். அதை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு நாள் வேலையின் கடைசியிலும் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. ஜூலை 3, 8, 10 என்று வரிசையாக. ஆகஸ்ட் 26 அன்று மட்டும் விட்டுப்போகவில்லை. அந்த நாளில் என்ன சரியாகச் செய்தாய் என்று எனக்குப் புரியவில்லை.

தப்பாகத் தட்டிவிட்டு வரியையே தூக்கிப் போடுகிறாய் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்யாதே. தப்பைத் திருத்து, வரியை எறியாதே. ஓட்டை ஓட்டையாக இருக்கும் அட்டவணையை என் தொழிலில் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஞானஸ்நானக் கட்டத்தைப் பற்றி. 1900 யோசனை சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். யோசிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் விதியை நானாக மாற்ற முடியாது. தீசன் கையெழுத்துப் போட்டு, குழந்தைகளைச் சேர்க்கலாம் என்று ஒரு வரி எழுதி அனுப்பட்டும். மறுநாளே மாற்றித் தருகிறேன். நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் வெளியே போனவன்தான் கெடுத்தான் என்பார்கள். அந்தப் பேச்சை நான் ஒருமுறை கேட்டாயிற்று.

டீட்ரிக்


கிரூன்பாக்
25 செப்டம்பர் 1997

டீட்ரிக்,

அந்த 141 பெயர்களையும் மறுபடி தட்டி, ஃபிளாப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் தீசன் கதையைச் சொல்கிறேன். அப்புறம் உன் எண்களுக்கு வருகிறேன்.

ஞாயிறு மதியம் போனேன். எண்ணெயில் பொரித்த ரோல்குக்கனும் தர்பூசணியும் வைத்தார்கள், நான் தொடவில்லை. உன் கடிதத்தைச் சொன்னேன். விதியைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், இல்லாவிட்டால் முப்பத்தொரு பிள்ளைகளின் பெயரும் கல்லில் வராது என்றேன். அவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து போய், உனக்கு அனுப்பிய தாளின் நகலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"படிம்மா. இதுல எங்க விதி இருக்கு? பேரு, பொறந்த தேதி, ஞானஸ்நானம், எறந்த தேதி, சொந்தக்காரங்க. அஞ்சு விஷயம் எழுதியிருக்கோம். ஞானஸ்நானம் இல்லாதவங்கள விட்டுடுன்னு எவன் சொன்னான்? என் மூத்தவன் நாலு மாசத்துல போனவன், அவனும் அங்கதானே கெடக்கான்."

நான் இரண்டு முறை படித்தேன். கட்டாயம் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த மனுஷன் தாளைத் திரும்ப வாங்கித் தானும் ஒருமுறை படித்தார், டீட்ரிக். தன் பிள்ளையைத் தானே விலக்கிவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் வீட்டிலிருந்து வரும் வழி நெடுக இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கமிட்டி போடவில்லை. நான் போடவில்லை. கம்ப்யூட்டர் தானாகப் போடாது என்று நீயே சொல்வாய். அப்படியானால் அந்தக் கட்டத்துக்குப் பூட்டுப் போட்டது யார்?

மூன்று வாரமாகச் சபையின் விதி, சபையின் விதி என்று எனக்குப் பாடம் எடுத்தாய். கையெழுத்து கேட்டு ஒரு கிழவரிடம் என்னை அனுப்பினாய்.

இப்போது உன் பதினெட்டு எண்கள். நான் எந்த வரியையும் எறியவில்லை. செவ்வாயும் வியாழனும், வேலை முடிந்து கம்ப்யூட்டரை அணைக்கும் முன், கடைசியாக ஒரு பெயரைத் தட்டுவேன். ஹெலெனா பென்னர். பிறப்பு 4 மார்ச் 1981. இறப்பு 17 ஜனவரி 1989. தாய் யுஸ்தீனா, தகப்பன் இஸ்பிராண்ட். அந்த ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகப் பார்ப்பேன். விடாது. இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஒரு பெட்டி வரும். சரி என்று அழுத்தினாலும் அதே பெட்டி வரும். கடைசியில் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் கைவிட்டால்தான் வெளியே விடும். அந்த ஓர் எண்ணைச் செலவு செய்துவிட்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த முறை சேர்த்துக்கொள்ளும் என்று நினைத்தேனா? இல்லை. ஆனாலும் அவள் பெயரைத் தட்டாமல் எழுந்து வர மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 26 அன்று தட்டவில்லை. அன்றைக்கு அதற்குப் பதிலாக உனக்குக் கடிதம் எழுதினேன்.

அவள் அடக்கத்துக்கும் நீ வரவில்லை. பனிப்புயல், சாலை அடைத்துவிட்டது என்று தந்தி மாதிரி இரண்டு வரி அனுப்பினாய். இப்போது கல்லுக்கும் அவளை வர விடமாட்டேன் என்கிறாய். அவள் உனக்கு என்ன பாவம் செய்தாள்?

யுஸ்தீனா


கால்கரி
3 அக்டோபர் 1997

அக்கா,

நான்தான் போட்டேன்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். எல்லாவற்றிலும் நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். இதில் சொல்லப் போவதில்லை.

தீசனின் தாள் வந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தொரு வயதில் ஞானஸ்நானம் வேண்டாம் என்றேன். அன்றைக்குச் சபை நடுவில் நிற்கவைத்து, "வாசல் தொறந்துதான் இருக்கு, நீதான் உள்ள வரமாட்டேங்குற" என்றார்கள். அதற்குப் பிறகு ஒரு வீட்டில்கூட என்னை மேசைக்குக் கூப்பிடவில்லை. அதே சபை இப்போது எனக்கு எழுதி, அட்டவணை செய்து தா என்று கேட்கிறது. ஞானஸ்நானக் கட்டத்துக்கு வந்ததும் கீழே 'கட்டாயமா?' என்று கேட்டது. பேசாமல் விட்டிருந்தால் 'இல்லை' என்றே இருந்திருக்கும். வேண்டுமென்றே 'ஆம்' என்று மாற்றினேன். உங்கள் பூட்டை உங்கள் வாசலிலேயே மாட்டுகிறேன், அது எப்படி இருக்கிறதென்று பாருங்கள் என்று நினைத்தேன். என்றைக்காவது யாராவது என் பெயரைத் தட்டிப் பார்த்து, அது உள்ளே போகாமல் திகைக்க வேண்டும். அதுதான் என் ஆசை. நாற்பத்தோரு வயதில் இப்படி ஓர் ஆசை.

குழந்தைகள் என் ஞாபகத்துக்கே வரவில்லை. லெனா வரவில்லை. இதைவிடக் கேவலமாக என்னால் எதையும் எழுத முடியாது, ஆனால் அது உண்மை. உன் முதல் கடிதத்தில் 'ஒருத்தியை உனக்குத் தெரியும்' என்று படித்தபோதுதான் உறைத்தது. அன்றே ஒரு சொடுக்கில் மாற்றியிருக்கலாம். மாற்றினால் நான் போட்டது என்று தெரிந்துவிடுமே என்று விதி, கையெழுத்து, 1900 என்றெல்லாம் சுற்றினேன். அந்தப் பதினெட்டு எண்களைப் பற்றி உனக்கு உபதேசம் வேறு செய்தேன். உன் கடிதம் வந்த பிறகு அந்த அட்டவணையைத் திறந்து, விட்டுப்போன எண்களை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதினேன். 16, 35, 52 என்று. பாதிக்கு மேல் எழுத முடியவில்லை.

அடக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன். அன்று பனி பெய்தது, ஆனால் சாலை அடைக்கவில்லை. இரவெல்லாம் ஓட்டி வந்தேன். தானியக் கிடங்குக்கு முன்னால் இருக்கும் நாற்சந்தி வரைக்கும் வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் கோயில் முன்னால் கார்கள் நிற்பது தெரிந்தது. உள்ளே போனால் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்ப்பார்கள், உன் பிள்ளையை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பயந்தேன், அவ்வளவுதான். இஞ்சினை அணைக்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டேன். புயல் என்று எழுதியது திரும்பும் வழியில்.

பூட்டை எடுத்துவிட்டேன். ஃபிளாப்பி இத்துடன் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு எதிரில் விளக்கம் எழுத ஓர் இடம் உண்டு. அதில் எழுதுவது, தட்டுகிறவர் அந்தக் கட்டத்துக்கு வரும்போது திரையின் அடியில் தெரியும். உனக்குப் பிறகு யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் படிக்கட்டும் என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன்.

டிசைன் பக்கத்துக்குள் போகாதே என்று சொன்னேனே, அதை விட்டுவிடு. தாராளமாகப் போ. எந்தக் கட்டத்தை மாற்ற வேண்டுமோ முதலில் அதன் பெயர் மேல் சொடுக்கு, அப்போதுதான் கீழே அதன் படிவம் வரும். அன்று உனக்குப் பூட்டு கிடைக்காததற்குக் காரணம் இவ்வளவுதான், நீ பெயர்க் கட்டத்தின் மேல் நின்று தேடியிருக்கிறாய். அளவைக் கூட்டினால் ஒன்றும் கெடாது. குறைத்தால்தான் வெட்டும். மாற்றிய பிறகு சேமிக்க மறக்காதே.

தீசனுக்கு நானே தனியாக எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை.

உன் தம்பி
டீட்ரிக்


கிரூன்பாக்
14 அக்டோபர் 1997

தம்பி டீட்ரிக்,

ஃபிளாப்பி வெள்ளிக்கிழமை வந்தது. செவ்வாய் வரை பொறுக்க முடியாமல் சனிக்கிழமையே சபைக்குப் போனேன். உன் அத்தானும் வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

பெயர் தட்டினேன், பிறந்த தேதி தட்டினேன். ஞானஸ்நானக் கட்டத்துக்கு வந்ததும் திரையின் அடியில் நீ எழுதிய வரி வந்தது. 'தேதி இல்லையென்றால் காலியாக விடவும். இதற்காக யாரையும் வெளியே நிறுத்த வேண்டாம்.' உன் அத்தான் அதை வாய்விட்டுப் படித்தார். நான் காலியாக விட்டு அடுத்ததற்குப் போனேன். பெட்டி எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு 384 என்று எண் விழுந்திருக்கிறது. பழைய பதினெட்டும் காலியாகத்தான் இருக்கின்றன, இருக்கட்டும். இரண்டாவதாகத் தீசனின் பையனைத் தட்டினேன். மற்ற இருபத்தொன்பது பேரும் இன்று மதியம் முடிந்துவிட்டார்கள். பட்டியல் நாளை கல் வெட்டுகிறவரிடம் போகிறது.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் அது 1900 மாதிரி ஆகிவிடும். என் பிள்ளையை மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம் வரும்போதெல்லாம் தாளை மடித்து வைத்துவிடுகிறேன். ஆனால் மறுபடி எடுத்துப் படிக்கிறேன்.

நாற்சந்தி விஷயம் எனக்குத் தெரியும். அன்று அவள் பெட்டியைக் குழியில் இறக்குவதற்கு முன்னால், நீ வருகிறாயா என்று பார்க்க உன் அத்தான் கிடங்கு வரை நடந்து போனார். உங்கள் பக்கத்து ஆல்பர்டா எண்பலகை போட்ட சிவப்புக் கார் திரும்பிப் போவதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து என்னிடம் சொன்னார். எட்டு வருடமாக எனக்குக் கோபம் நீ திரும்பிப் போனதற்கு இல்லை, தம்பி. புயல் என்று சொன்னதற்கு.

ஒரு காரியம் உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். சொந்தக்காரர்கள் என்ற கட்டத்துக்கு நீ ஐம்பது எழுத்துதான் விட்டிருந்தாய். லெனாவுக்குத் தாய், தகப்பன் பெயர் போட்டதுமே நிறைந்துவிட்டது. அதற்கு மேல் ஓர் எழுத்து தட்டினாலும் டொக் என்று சத்தம் போட்டது. அதனால் நானே டிசைன் பக்கத்துக்குள் போனேன். முதலில் அந்தக் கட்டத்தின் பெயர் மேல் சொடுக்கினேன். ஐம்பதை நூறாக்கினேன். கூட்டினேன், குறைக்கவில்லை. சேமித்தேன். திரும்பி வந்து பார்த்தேன், ஒன்றும் கெடவில்லை.

பிறகு அவள் வரியில், எங்கள் இருவர் பெயருக்கும் பக்கத்தில், 'தாய்மாமன் டீட்ரிக் டூக்' என்று தட்டினேன்.

கல்லை மே மாதம் மண் இளகியதும் நடுகிறார்கள். நாற்சந்தியில் உன் அத்தான் நிற்பார்.

அக்கா